வாய்க்காலில் விழுந்த பந்து

பாளையங்கால்வாயை ஒட்டிய காலி மனையில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய நாட்களில், பந்து வாய்க்காலுக்குள் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி எதுவும் இருக்கவில்லை. ஒரு நாள் லெக் சைடில் அடித்த ரப்பர் பந்து நீரோடு மிதந்து போக, எங்களில் இருவர் கரையோரமாகவே அதைத் துரத்திக்கொண்டு ஓட, மட்டை பிடித்திருந்த இருவரும் நிற்காமல் ஓடி 17 ரன் எடுத்துவிட்டார்கள். "ஏல, இது அநியாயம்லா" என்று கத்தினோம். "ஓடக் கூடாதுன்னு எவம்ல சொன்னான்?" என்று கேட்டான் அடித்தவன். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மறுநாள் முதல் வாய்க்காலில் விழுந்தால் அவுட் என்று ஆயிற்று.

சில ஆண்டுகளாக நான் அமெரிக்க பேஸ்பால் பார்க்கிறேன். நியூயார்க்கில் கோடை மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் திருநெல்வேலியில் அதிகாலை நாலரை மணி என்பதால், பால்காரர் மணியடிப்பதற்குள் இரண்டு மூன்று இன்னிங்ஸ் பார்த்துவிடலாம். ஆட்டத்தைவிட அதன் விதிப்புத்தகம்தான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. அதன் பல வரிகளுக்குப் பின்னால் எங்கள் 17 ரன்காரனைப் போல ஒருவன் நிற்கிறான்.

இன்ஃபீல்டு ஃப்ளை என்ற விதியைப் பாருங்கள். உயரே போன பந்தை எதிரணி பிடித்துவிடக்கூடும் என்பதால், பேஸில் (ஓட்டக்காரர்கள் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்கள்; நான்காவதான 'வீடு' சேர்ந்தால் ஒரு ரன்) நிற்கும் ஓட்டக்காரர்கள் தங்கள் பேஸை விட்டு அதிக தூரம் விலக முடியாது; கேட்ச் ஆனால் அங்கே திரும்பியாக வேண்டும். ஆனால் பந்து தரையில் விழுந்துவிட்டால், பின்னால் வருபவனுக்கு இடம் விட்டு அவர்கள் ஓடியே ஆக வேண்டும்; அவர்களுக்கு முன்பே பந்து அடுத்த பேஸுக்குப் போய்விட்டால் அவுட். ஆகவே கைக்கு வந்த கேட்சை வேண்டுமென்றே தவறவிட்டால், ஒரு அவுட்டுக்குப் பதில் இரண்டு அவுட் எடுக்கலாம். 1895இல் இதை அடைத்தார்கள். முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்றிலுமோ ஆட்கள் நின்று, இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால், பந்து வானத்தில் இருக்கும்போதே நடுவர் விரலை உயர்த்தி, அடித்தவன் அவுட் என்று அறிவித்துவிடுகிறார். பிறகு பந்தை விட்டாலும் பிடித்தாலும் அவன் அவுட்தான். மற்றவர்களை விரட்டும் கட்டாயம் போய்விடுகிறது.

இந்த வகைச் சாமர்த்தியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சிகாகோ கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் செய்தது. அக்காலத்தில் கடைசி இன்னிங்ஸில் வெற்றி ரன் வந்தவுடன், முதல் பேஸிலிருந்து ஓட வேண்டியவன் இரண்டாவது பேஸைத் தொடாமலே அறைக்குத் திரும்பிவிடுவது வழக்கம். ஆனால் விதிப்படி அவன் தொட்டாக வேண்டும். அதற்குள் எதிரணி பந்தோடு அந்த பேஸை மிதித்தால் அவன் அவுட், அது இன்னிங்ஸை முடிக்கும் மூன்றாவது அவுட் என்றால் அந்த ரன்னும் செல்லாது. 1908 செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்கில் எவர்ஸ் இதைச் சுட்டிக்காட்டினார். ஓட்டக்காரனைத் தாம் கவனிக்கவில்லை என்று நடுவர் ஹேங்க் ஓடே மறுத்துவிட்டார்.

செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஜெயண்ட்ஸுக்கு எதிரான ஆட்டம், 1-1 என்ற சமநிலை, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். பந்து அடிக்கப்பட்டு மூன்றாவது பேஸிலிருந்தவர் வீடு சேர்ந்ததும், கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதல் பேஸிலிருந்த 19 வயது ஃபிரெட் மெர்க்கிள் பாதி வழியில் திரும்பி அறையை நோக்கி ஓடினார். எவர்ஸ் எங்கிருந்தோ ஒரு பந்தைப் பெற்று இரண்டாவது பேஸை மிதித்தார்; உண்மையான பந்தை ஜெயண்ட்ஸ் வீரர் ஒருவர் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. அன்றும் நடுவராக இருந்தவர் அதே ஓடே. இந்த முறை அவர் கவனித்திருந்தார், அவுட் கொடுத்தார். ஆட்டம் டையாக அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 8 அன்று மீண்டும் ஆடியபோது கப்ஸ் வென்றது. அவ்வாண்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் உலகத் தொடரையும் வென்றது. அதற்கடுத்த உலகத் தொடர் வெற்றிக்கு அந்த அணி 2016 வரை காத்திருந்தது. எவர்ஸ் அன்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. 19 நாட்களுக்கு முன்பே நடுவருக்குப் பாடம் நடத்தி வைத்திருந்தார் என்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

மட்டையில் பிசின் பூசிய கதை வேறு மாதிரி. சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் சுற்றியவர்கள் நாங்கள் என்பதால், பிடிமானத்துக்காகப் பைன் பிசின் தடவுவது எனக்கு எளிதாகப் புரிந்தது. அது கைப்பிடி முனையிலிருந்து 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 1983 ஜூலை 24 அன்று கான்சாஸ் சிட்டி அணியின் ஜார்ஜ் பிரெட் ஹோம் ரன் (எல்லையைத் தாண்டும் அடி) அடித்து 5-4 என்று முன்னிலை பெற்றுத் தந்தவுடன், எதிரணியான நியூயார்க் யாங்கீஸின் மேலாளர் பில்லி மார்ட்டின் மட்டையைக் காட்டி முறையிட்டார். 'வீடு' இருக்கும் இடத்தில் பதித்த 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின் மேல் மட்டையை வைத்து அளந்த நடுவர்கள் பிரெட்டுக்கு அவுட் கொடுத்தார்கள். லீக் தலைவர் அந்தத் தீர்ப்பை மாற்றினார். ஆகஸ்ட் 18 அன்று விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியபோது நடுவர்கள் வேறு ஆட்கள். பிரெட் அன்று எல்லா பேஸ்களையும் தொடவில்லை என்று மார்ட்டின் அடுத்த முறையீட்டை எடுத்தார். பார்க்காத நடுவர் எப்படி மறுப்பார்? டேவ் ஃபிலிப்ஸ் என்ற நடுவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தொட்டார் என்று பழைய நடுவர்கள் கையெழுத்திட்டுத் தந்த பிரமாண வாக்குமூலம் அது. நம் தாலுகா அலுவலகங்களில்கூட இவ்வளவு முன்யோசனையை நான் கண்டதில்லை.

1987இல் வில்லியம்ஸ்போர்ட் என்ற சிறிய அணியின் கேட்சர் (அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) டேவ் பிரெஸ்னஹான் செய்தது விதிவாசிப்பு அல்ல, சுத்தக் குறும்பு. தோலுரித்த உருளைக்கிழங்கை மூன்றாவது பேஸுக்கு மேலாக எறிந்தார். பந்து கைதவறிப் போனது என்று நம்பி ஓட்டக்காரன் நிதானமாக வீடு வந்தபோது, கையிலிருந்த அசல் பந்தால் அவனைத் தொட்டார். நடுவர் ரன் கொடுத்தார். அணி 50 டாலர் அபராதம் போட்டது. மேலிடம் அவரை வேலையை விட்டே நீக்கியது. ஊர்க்காரர்களோ, அடுத்து வந்த ஆட்டத்துக்கு ஒரு டாலரும் ஓர் உருளைக்கிழங்கும் கொடுத்து உள்ளே போனார்கள். மறு ஆண்டு அவரைத் திரும்ப அழைத்து, அவர் அணிந்திருந்த 59 என்ற எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். அவர் கிழங்குகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.