கடுகும் மணியும் ஒரு குறுகலான நடையும்

பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பின்கட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போன டெரியர் நாய் அது. காப்பகத்தார் மீட்டு, கருத்தடையும் செய்து வைத்திருந்தார்கள். ஏழு கிலோகூட இல்லை. சொரசொரவென்று வெள்ளை முடி, ஒரு கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, வலது காதில் பழைய கிழிசல். பார்த்ததுமே கடுகு என்று பெயர் வைத்துவிட்டோம். காரம் எவ்வளவு என்று அப்போது தெரியாது.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். மணிக்குப் பதினோரு வயது, இடுப்பில் மூட்டுவலி. தூங்குவான், இல்லையென்றால் தூங்க இடம் தேடிக்கொண்டிருப்பான். செம்பிக்கு மூன்று வயது. யாரைப் பார்த்தாலும் வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடும். "டெரியரா? பார்த்துக்கோங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வளைக்குள் புகுந்து எலியையும் நரியையும் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம். பெயரே மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இருட்டு வளைக்குள் எதிரி உறுமும்போது பின்வாங்காத நாயைத்தான் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள்; வீட்டுக்குள் மட்டும் அடங்கிப் போ என்றால் எப்படி? அதனால் நான் கடுகின் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மணியைக் கவனிக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் கடுகு தனி அறையில். பார்வோ என்ற கொடிய நாய்க் கிருமி தொற்றியிருந்தால் வெளியே தெரிய ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்குமாம். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து எல்லாம் முடிந்தன. அவனுக்குத் தனித் தட்டு. அந்த அறைக்கென்று எனக்குத் தனிச் செருப்பு.

இதற்கிடையில் கடுகு படுத்த துண்டைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டேன். செம்பி மோந்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். மணி ஒருமுறை மோந்தான், உதட்டை நக்கினான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். 'பெரிய மனுஷன், கண்டுக்கவே இல்லை' என்று நினைத்துக்கொண்டேன். பசியில்லாத நேரத்தில் நாய் உதட்டை நக்குவதும் பார்வையைத் திருப்புவதும் பெரும்பாலும் 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்ற சங்கடத்தின் அடையாளம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம் என்றார்கள். யாருக்கும் சொந்தமில்லாத வெட்டவெளியில், ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தோம். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நாய்க்கும் விறைப்பு ஏறும். தொய்வாகவே விட வேண்டும். சொல்ல எளிது, என் கைதான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இடைவெளி குறைந்தது. செம்பி முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி 'விளையாட வா' என்று குனிந்தாள். கடுகு இரண்டு சுற்று ஓடி வந்தான். மணி தன்பாட்டுக்கு நடந்தான். சரி, முடிந்தது என்று வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டேன்.

ஆறாம் நாள். எங்கள் சமையலறைக்குப் போகும் நடை குறுகலானது. அதில்தான் மணியின் விரிப்பு. கடுகு போகும்போதும் வரும்போதும் அவன் மேலேயே தாண்டிக் குதித்தான். மணி ஓரக்கண்ணால், வெள்ளை விழி தெரிய, பார்த்தான், ஒருமுறை உறுமினான். "மணி! சும்மா இரு!" என்று அதட்டினேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். உறுமல் எச்சரிக்கை மணி. அதை அடக்கினால் எச்சரிக்கைதான் போகும், வெறுப்பு அங்கேயே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து உறுமல் இல்லை. நேராகப் பாய்ந்தான். கடுகு அலறி ஓடுவான் என்று பார்த்தால், மணியின் கழுத்து மடிப்பைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நான் முட்டாள்தனமாக நடுவில் கைவிட்டேன். என் கட்டைவிரலில் பல் இறங்கியது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அக்கா ஓடிவந்து ஒரு நாற்காலியைக் குறுக்கே தள்ளியதில்தான் பிரிந்தார்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசி போடப் போனேன். மூன்றுக்குமே தடுப்பூசி போட்டிருந்தாலும், நாய்க்கடியில் அசட்டை கூடாது.

அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மருத்துவர் மணியின் இடுப்பை அழுத்திப் பார்த்து வலிக்கு மருந்தை மாற்றினார். வலியுள்ள உடம்பின் மேல் ஒருத்தன் குதித்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? விரிப்பு நடையிலிருந்து யாரும் கடக்காத மூலைக்குப் போனது. குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றை வாங்கி மாட்டினோம். கடுகு முதல் நாளே தாண்டிவிட்டான், மேலே இன்னொன்று கட்ட வேண்டியதாயிற்று. சாப்பாடு மூன்று அறையில். கடுகு கண்ணில் படும்போதெல்லாம் மணியின் வாயில் ஒரு தீனித் துண்டு. கடுகுக்கு ஒரு தொட்டி நிறைய மணல், அதற்குள் புதைத்த பொம்மைகள். காலையில் தோண்டித் தீர்த்தால்தான் பகலில் அடங்குவான். மணி உறுமினால் இப்போது நான் கூப்பிடுவது கடுகை.

மீட்ட நாய்க்குப் பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பழக மூன்று வாரம், தன் வீடாக நினைக்க மூன்று மாதம் என்று காப்பகத்தில் ஒரு கணக்குச் சொன்னார்கள். எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. இன்னும் மூவரையும் தனியே விட்டுவிட்டு வெளியே போவதில்லை.

போன வாரம் மணி பழைய ஞாபகத்தில் நடையிலேயே படுத்துவிட்டான். கடுகு பந்தோடு வந்தான், நின்றான். மணி தலையைத் தூக்காமல் மேலுதட்டை மட்டும் லேசாக உயர்த்தினான். நான் வாயைத் திறக்கவில்லை. கடுகு பந்தை அங்கேயே போட்டுவிட்டு, வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.