ஜன்னலோரத்தில் 145 மெகாஹெர்ட்ஸ்: வீட்டுக்குள் ஆன்டெனா கட்டிப் பார்த்த அனுபவம்

மதுரை ஒத்தக்கடையில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. மொட்டைமாடி ஓனர் வசம். தவிர, ஐப்பசி இடி மின்னலில் முறையான எர்த்திங் இல்லாமல் மாடியில் கம்பி நீட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோவான ஸ்கேனருக்கு வேண்டிய ஆன்டெனாவை வீட்டுக்குள்ளேயே கட்டிவிடலாம் என்று இறங்கினேன். நான் கேட்க நினைத்தது ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்பவர்கள், பேசும் 2 மீட்டர் பேண்ட், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹாம் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். போலீஸ், மற்ற துறைகளின் அலைவரிசைப் பக்கம் போவதில்லை. புதிதாக வருகிறவர்களும் போக வேண்டாம்.

ரிசீவர், லேப்டாப்பில் செருகினால் சாஃப்ட்வேர் மூலம் ரேடியோவாக வேலை செய்யும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். அதனோடு வரும் குட்டி ஆன்டெனா கான்கிரீட் வீட்டுக்குள் பெரிதாக ஒன்றும் எடுக்காது. சரி, நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் ஒரு கை வயர் நீளும் டைபோல் ஆன்டெனா ஒன்று செய்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். 300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 2.07 மீட்டர். அதில் பாதி, அதிலும் 5 சதவீதம் கழித்தால் 98 சென்டிமீட்டர். மேலே ஒரு கை 49, கீழே ஒரு கை 49. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் செம்பு வயரையே எடுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் உறை இருக்கும் வயர் கொஞ்சம் நீளமானது போல நடந்துகொள்ளும் என்பதால் ஒவ்வொரு கையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தேன். தாங்குவதற்கு முக்கால் இஞ்ச் பிவிசி பைப்.

கேபிள் வாங்க டவுன்ஹால் ரோடு போனேன். ஆர்ஜி-6 கேட்டதும் கடைக்கார அண்ணன், "டிஷ்ஷுக்கா தம்பி?" என்றார். "இல்லண்ணே, ரேடியோ ஆன்டெனாவுக்கு" என்றேன். உடனே ஒரு துண்டின் முனையைச் சீவி, உள்ளே இருந்த வலையைப் பிரித்துக் காட்டினார். "இது அலுமினியம் தம்பி, ஈயம் ஒட்டாது. கனெக்டர் ஸ்ட்ரிப்புல வச்சு ஸ்க்ரூவ முடுக்கிருங்க." அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆர்ஜி-6 டிவிக்கு உரிய 75 ஓம் கேபிள், ரேடியோவுக்கு 50 ஓம்தான் வேண்டும் என்று சொல்வார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த வித்தியாசத்தால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. அதோடு தனியாகத் தொங்கும் டைபோலின் இயல்பான மதிப்பே 73 ஓம் பக்கம்தான். மெலிந்த ஆர்ஜி-58-ஐ விட இதில் சிக்னல் இழப்பும் குறைவு. வீட்டுக்குள் வைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. ஜன்னல் கம்பியோடு ஒட்டிக் கட்டினால் அந்த இரும்பு ஆன்டெனாவின் அளவையே குலைத்துவிடுகிறது. கம்பியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, கிழக்கு ஜன்னலுக்கு நேராக, திரைச்சீலை மாட்டும் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட்டதும் ஊர் நண்பர்கள் பேசுவது தெளிவாக விழுந்தது. கேபிளைக் கீழ்க் கையோடு சேர்த்து இறக்காமல், நடுவிலிருந்து பக்கவாட்டில் அரை மீட்டர் கொண்டுபோய் அப்புறம் இறக்க வேண்டும். பழைய மானிட்டர் கேபிளில் இருந்த ஃபெரைட் குமிழை (கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப்பொருள் உருளை) கழற்றி இதில் மாட்டினேன். கேபிளின் மேல்வலை வழியாக ஏறி வரும் வீட்டு இரைச்சலை அது கொஞ்சம் தடுக்கிறது.

கொஞ்சம்தான். சிக்னல்களைப் படமாகக் காட்டும் லேப்டாப் திரையில் 145-ஐச் சுற்றி இரைச்சல் ஒரு மூட்டமாக விலகாமல் நின்றது. சரியாக அந்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் நிறுத்தினார்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன். மூட்டம் அப்படியே காணாமல் போனது! தெரு முழுக்க சார்ஜரும் எல்இடி பல்பும் ஓய்ந்திருந்த அந்த நேரத்தில், எப்போதும் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் மெல்லிய சிக்னல்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ஆன்டெனாவில் குறை இல்லை என்று அப்போதே உறுதியாகிவிட்டது. கரண்ட் வந்ததும் மெயினில் ஒவ்வொரு எம்சிபியாகத் தூக்கித் தூக்கி இறக்கினேன். பூஜை அறை இருக்கும் லைனை இறக்கினால் மூட்டத்தில் பெரும்பகுதி போனது. சாமி படத்துக்கு மேலே இரவும் பகலும் எரியும் சின்ன எல்இடி பல்பு. அதற்குள் மின்சாரத்தைப் படுவேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் ஒரு சர்க்யூட் இருக்கிறது. மலிவான பல்புகளில் அந்த இரைச்சலை வடிகட்டும் பாகங்களை விட்டுவிடுகிறார்கள்.

"சாமி விளக்க அணைக்கக் கூடாதுப்பா" என்றார் அம்மா. அது நியாயம். பழைய இழை பல்பான ஜீரோ வாட்ஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். இழை சூடாகி எரிவதுதானே, அதில் இரைச்சல் எழ வழியில்லை. மஞ்சள் வெளிச்சம் அம்மாவுக்கும் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்தேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் அது ஒருமுறை நம் வானத்தைக் கடக்க ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். 145.825-இல் அதன் டேட்டா சிக்னல் 'ப்ர்ர்க்' என்று துண்டு துண்டாக வரும். வடக்கே யானைமலையும் நான்கு பக்கச் சுவரும் மறைப்பதால் முழுப் பயணமும் எனக்குக் கிடைக்கவில்லை. கிழக்கு ஜன்னலுக்கு நேராக அது இறங்கிப் போன கடைசி சில நிமிடங்கள் மட்டும் பளிச்சென்று வந்தது. மாடியில் வைத்த ஆன்டெனாவுக்கு இது ஈடாகாது. ஆனாலும் ஒரு முழம் வயர் இரண்டை வைத்து, அடுப்படிச் சத்தத்துக்கு நடுவில் விண்வெளி நிலையத்தைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து இதே டைபோலை 437.800-இல் சோதிக்கப் போகிறேன். நிலையத்தில் உள்ள ரிப்பீட்டரின் (வரும் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) குரல் அதில்தான் இறங்குகிறது. 145-க்கு வெட்டிய டைபோல் அதன் மூன்று மடங்கான 435 பக்கமும் ஓரளவு வேலை செய்யும். நிலையம் போகும் வேகத்தால் அலைவரிசை சற்று மாறிக் கேட்கும் (டாப்ளர் விளைவு) என்பதால், அது நெருங்கும்போது 437.810-இல் ஆரம்பித்து, விலகும்போது 437.790 வரை ட்யூனிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வர வேண்டும்.