ஓகஸ்ட் விடுமுறைக்குத் தீவா, நகரமா: கொழும்பிலிருந்து இடம் தெரிவுசெய்யப் பட்ட பாடு

பயண முகவர் நிலையம் ஒன்றின் இலாச்சிக்குள் எங்கள் ஐந்து கடவுச்சீட்டுகளும் பூட்டுப்பட்டுக் கிடந்த வாரத்தின் கோபம் எனக்கு இன்னும் முழுமையாக ஆறவில்லை. இரண்டாம் தவணை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று விசாரிக்கத்தான் அந்த நிலையத்துக்குப் போனோம். முடிவெடுக்கத் தேவையான தகவல்களில் பெரும்பாலானவை அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் பல பிழையாக இருந்தன. ஓகஸ்டில் குடும்பத்தோடு வெளிநாடு செல்ல எண்ணியிருக்கும் கொழும்புக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். பிள்ளைகள் இருவருக்கும் கடல் வேண்டும், அதுவும் தெளிந்த நீரில் மீன்களைப் பார்க்கக்கூடிய கடல். கணவருக்கு ரயிலும் சந்தைகளும் இரவு வெளிச்சமும் உள்ள பெரிய நகரம் வேண்டும். மாமிக்கு முழங்கால் வலி. சைவ உணவு மட்டுமே உண்பார். அவர் கேட்டதெல்லாம் கும்பிட ஒரு கோயிலும், ஏறி இறங்கச் சிரமமில்லாத பாதையும்தான். இந்த மூன்று விருப்பங்களையும் ஒரே பயணத்துக்குள் அடக்குவதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

முகவர் முதலில் மேசையில் விரித்தவை மாலைதீவின் படங்களும் தாய்லாந்தின் பூக்கெட் தீவின் படங்களும். இரண்டுக்கும் "ஓகஸ்ட் விசேட விலை" என்று போட்டிருந்தார்கள். அந்த விலை ஏன் குறைகிறது என்பதை அவர்கள் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். மாலைதீவில் மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பூக்கெட் அமைந்திருக்கும் அந்தமான் கடற்கரையிலும் அதே மாதங்களில் மழையும் பேரலையும் இருக்கும். கடற்கரைகளில் சிவப்புக் கொடி கட்டிக் குளிப்பதைத் தடைசெய்யும் நாட்கள் பல உண்டு. எங்கள் பாடசாலை விடுமுறையோ சரியாக அந்தக் காலத்தின் நடுவில் வருகிறது. இதை நான் கேட்டபோது, "அங்க எப்பவும் வெயில்தான் அக்கா, மழை வந்தாலும் பத்து நிமிசத்தில விட்டிடும்" என்று பதில் வந்தது. கடலை நம்பிப் புறப்படும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பதிலைச் சொல்வது நியாயமே அல்ல.

இருந்தாலும் மாலைதீவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், இலங்கையருக்கு அங்கே இறங்கியதும் 30 நாள் வீசா இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே எடுத்த எடுப்பில் தள்ளிவிட மனம் வரவில்லை. கணக்கை எழுத்தில் கேட்டேன். வந்த தாளில் தங்குமிட விலையும் விமானப் பயணச்சீட்டும் மட்டுமே இருந்தன. விடுதித் தீவுக்குப் போய்ச் சேரும் கடல் விமானத்தின் கட்டணம் எங்குமே இல்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகு, போய்வர ஒருவருக்கு 400 டொலருக்கும் மேல் ஆகும் என்றார்கள். அதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதமாக உயர்ந்திருக்கும் சுற்றுலாப் பொருள் சேவை வரியும் உண்டு. விடுதித் தீவுகளில் பசுமை வரி 2025 தொடக்கத்திலிருந்து ஓர் இரவுக்கு ஒருவருக்கு 12 டொலர். ஐந்து பேர் நான்கு இரவு தங்கினால் அது மட்டுமே 240 டொலர். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது "விசேட விலை" என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போனது.

இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேக்குப் பிற்பகல் மூன்றரை மணியளவுக்குள் வந்து சேராவிட்டால் பெரும்பாலும் அன்றைக்குத் தீவுக்குப் போக முடியாது. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் சொந்தச் செலவில் ஓர் இரவு தங்க வேண்டும். எங்களுக்காகப் போட்டிருந்த விமானம் மாலையில் இறங்குவது. இதைச் சுட்டிக்காட்டியபோது முகவர் நிலைய இளைஞர் கணினித் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம் அக்கா" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டதற்கு விடையில்லை. செலவைக் குறைக்க மாஃபுஷி போன்ற உள்ளூர்வாசிகளின் தீவு ஒன்றில் விருந்தினர் இல்லத்தில் தங்கி விரைவுப் படகில் போகலாம் என்பது உண்மை. ஆனால் ஓகஸ்ட் அலையில் படகில் இறங்கி ஏறுவதை மாமியின் முழங்கால் தாங்காது. மாலைதீவை அத்துடன் விட்டோம். வறண்ட காலமான டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில் போகக்கூடியவர்களுக்கு அது இன்னமும் நல்ல தெரிவுதான்.

மற்ற இடங்களைப் பற்றி வீட்டிலேயே இருந்து தேடினோம். பாலித் தீவுக்கு ஓகஸ்ட் மிகப் பொருத்தமான வறண்ட மாதம், ஆனால் எங்களுக்குக் கிடைத்த பயணச்சீட்டுகள் எல்லாம் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நீண்ட நேரம் காத்திருந்து மாறுபவையாக இருந்தன. மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான் தீவுகளும் அந்த மாதத்தில் அழகாக இருக்கும். ஆனால் இலங்கையருக்கு இணையவழி வீசா எடுக்க வேண்டும், அதன் பின் அங்கும் படகுதான். சிங்கப்பூரைக் கைவிடத்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. வீசா தேவையில்லை, ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, சிலோன் ரோட்டில் இலங்கைத் தமிழர் எழுப்பிய செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது என்று சொன்னதுமே மாமியின் முகம் மலர்ந்தது. தடையாக நின்றது அறை வாடகை. அங்கே ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதில் ஹோட்டல்கள் கண்டிப்பாக இருப்பதால் ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுத்தே ஆக வேண்டும். அங்குள்ள செந்தோசாத் தீவின் கடற்கரையோ பெரும்பாலும் மணல் கொண்டுவந்து கொட்டி அமைத்தது, எதிரே சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். பிள்ளைகள் கேட்ட கடல் அதுவல்ல.

கடைசியில் வரைபடத்தை மகன்தான் எடுத்துக் காட்டினான். தாய்லாந்துக்கு இரண்டு கடல்கள். மேற்கிலுள்ள அந்தமான் கடலில் ஓகஸ்டில் பருவக்காற்று வீசினாலும், கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய் தீவுக்கு அது ஓரளவு வறண்ட மாதம்; அங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். பாங்கொக்கில் ஓகஸ்டில் பின்னேரங்களில் மழை பெய்யும், ஆனால் நகரத்தில் மழையைச் சமாளிக்கலாம். சிலோம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலும், அதன் அயலில் சைவ உணவு கிடைக்கும் இந்திய உணவகங்களும் உண்டு. தாய் சமையலில் மரக்கறிக்குக்கூட மீன் சாறு ஊற்றுவது வழக்கம் என்பதால் மாமிக்கு இது பெரிய ஆறுதல். முதலில் நகரம், பிறகு தீவு என்று அன்றிரவே முடிவானது.

இந்தத் திட்டத்தோடு மீண்டும் அதே முகவர் நிலையத்துக்குப் போனோம். அறைகளையும் விமானத்தையும் ஒன்றாகப் பிடித்துத் தருவதாகச் சொல்லி முற்பணமும், "பதிவுக்குத் தேவை" என்று கடவுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். வந்த விலைப்பட்டியலில் ஐந்து பேருக்கும் வீசாக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. 2024 ஜூலை 15 முதல் தாய்லாந்து வீசா விலக்களித்த 93 நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. இந்த அறிவிப்பின் பிரதியை நான் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதைக் காட்டிய பிறகும், "அது சேர்விஸ் சார்ஜ் மாதிரி அக்கா" என்று சமாளித்தார்கள். இல்லாத வீசாவுக்கு என்ன சேவை செய்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இத்தகைய சலுகைகளை நாடுகள் அவ்வப்போது மாற்றுவதுண்டு. நீங்கள் போகும்போது அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள், முகவரின் வாய்ச்சொல்லை வைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

அதைவிட மோசமானது விமான இணைப்பு. கொழும்பிலிருந்து வரும் விமானம் அதிகாலையில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்க, சமுய்க்குப் படகேறப் போகும் வழியிலுள்ள சூரத்தானிக்குப் போகும் அடுத்த விமானம் இரண்டரை மணி நேரத்தில் டொன் முவாங் விமான நிலையத்திலிருந்து புறப்படுவதாகப் போட்டிருந்தார்கள். நாங்கள் சொன்ன ஒழுங்குக்கு மாறாக முதலில் தீவு என்று மாற்றியதே ஒரு பிழை. அதற்கு மேல், இந்த இரண்டும் நகரின் வெவ்வேறு கோடிகளில் உள்ள தனித்தனி விமான நிலையங்கள். குடிவரவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து, பாங்கொக் நெரிசலில் குறுக்கே போய், மீண்டும் பெட்டிகளைக் கொடுக்க அந்த நேரம் ஒருக்காலும் போதாது. இரண்டும் தனித்தனிப் பயணச்சீட்டுகள் என்பதால், தவறவிட்டால் பணமும் திரும்பாது. பாங்கொக்கில் விமானம் மாற இருப்பவர்கள் இரு சீட்டுகளிலும் விமான நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் பணம் கட்டவே கூடாது.

பதிவை நிறுத்தும்படி சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டுகளைக் கேட்டபோதுதான் இலாச்சி விவகாரம் வந்தது. திறப்பு வைத்திருந்த பெண் விடுமுறையில் போயிருந்தார். அவர் எப்போது வருவார் என்பதை ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதி நெரிசலில் வந்து வெறுங்கையோடு திரும்பியபோது மகள் பேசாமல் அழுதாள். பதிவுக்குத் தேவைப்படுவது கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தின் பிரதி மட்டுமே என்று பின்னர் விமான நிறுவனம் ஒன்றில் உறுதிப்படுத்தினார்கள். வீசாவுக்குத் தூதரகமே கேட்டாலொழிய மூலத்தை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். விட்டால் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டை வாங்குங்கள். எங்களிடம் அந்தப் பற்றுச்சீட்டு இருந்தது, நல்லகாலம். அதையும் முற்பணச் சீட்டையும் மேசையில் வைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அங்கிருந்தே அழைக்கப் போவதாக என் கணவர் அமைதியாகச் சொன்னார். மறுநாள் காலை கடவுச்சீட்டுகள் வந்தன. முற்பணம் கொஞ்சம் இழுபட்டாலும் முழுத்தொகையும் திரும்பக் கிடைத்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் நாங்களே பதிவு செய்தோம். விமானமும் அறைகளும் ஒரே மாலையில் முடிந்தன. காலாவதி நெருங்கிக்கொண்டிருந்த மாமியின் கடவுச்சீட்டும் பத்தரமுல்லையில் ஒருநாள் சேவையில் சிக்கலின்றிப் புதுப்பிக்கப்பட்டது. சமுய்க்கு சுவர்ணபூமியிலிருந்தே நேராகப் பறக்கும் சீட்டை எடுத்தோம். அந்தத் தீவின் விமான நிலையம் தனியார் விமான நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது என்பதால் விலை கூடுதல்தான். சூரத்தானிக்குப் பறந்து பஸ்ஸிலும் படகிலும் போனால் மலிவு. மாமிக்காக அந்த வித்தியாசத்தைக் கொடுத்தோம், அதில் வருத்தமில்லை. சக்கர நாற்காலி உதவியையும் பதியும்போதே கேட்டு எழுதிவிட்டோம்.

கடைசி முட்டுக்கட்டை வங்கியில். வீசா இல்லாமல் நுழைபவர்களிடம் செலவுக்குப் போதிய பணம் கையில் இருக்கிறதா என்று தாய்லாந்துக் குடிவரவு அதிகாரிகள் கேட்கக்கூடும் என்பதால், வெளிநாட்டு நாணயம் வாங்கப் போனேன். பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, அடையாள அட்டை எல்லாம் இருந்தன. கருமபீடத்திலிருந்த உத்தியோகத்தர் வீசாப் பிரதி இல்லாமல் தர முடியாது என்றார். வீசா தேவைப்படாத நாட்டுக்கு வீசாப் பிரதியை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டேன். "எங்கட லிஸ்ட்ல வீசாவும் இருக்கு மிஸ்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரோடு வாதாடிப் பயனில்லை என்று கண்டு முகாமையாளரைச் சந்திக்கக் கேட்டு, முன்பு முகவரிடம் காட்டிய அதே அறிவிப்பின் பிரதியைக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை வாசித்துவிட்டு, அதையே வீசாப் பிரதிக்குப் பதிலாகக் கோவையில் வைக்கும்படி கையொப்பமிட்டுக் கொடுத்தார். வங்கியில் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நாணயமாற்று நிலையங்கள் காலி வீதியிலேயே உண்டு. எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி மிஞ்சியிருப்பது தாய்லாந்தின் இணையவழி வருகை அட்டை மட்டும். 2025 மே மாதத்திலிருந்து அது கட்டாயம், வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், முற்றிலும் இலவசம். தேடும்போது முதலில் வரும் தளங்கள் சில அதற்கு டொலரில் பணம் கேட்கின்றன. அவை அரசாங்கத் தளங்கள் அல்ல, சிங்கப்பூர் வருகை அட்டைக்கும் அதே மாதிரியான போலித் தளங்கள் உண்டு. ஐந்து பேருக்கும் தனித்தனியாக விபரம் கொடுக்க வேண்டும் என்பதால் கடவுச்சீட்டு இலக்கங்களையும் சமுய் ஹோட்டலின் முகவரியையும் மகள் இப்போதே ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.