டபிள்யூ வந்த பிறகு: கணிதம் மறுபடி எழுதுவோருக்கான நாட்குறிப்பு

செப்டெம்பர் 1

இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்துக்கு டபிள்யூ (சித்தியில்லை) வந்த பிள்ளையிடம் "அடுத்தமுறை கட்டாயம் பாஸ் பண்ணுவாய்" என்றால் எதை வைத்து அது நம்பும்? பெறுபேற்றில் எழுத்து மட்டும்தான். 12 எடுத்தாலும் 34 எடுத்தாலும் அதே டபிள்யூதான். ஆகவே முதலில் உண்மையான புள்ளியைக் காணவேண்டும். ஒரு பழைய வினாத்தாளின் முதலாம் பத்திரத்தை மட்டும், நேரக்கட்டுப்பாடு இல்லாமல் செய்யவிடுங்கள். எடுத்த எடுப்பில் இரண்டு பத்திரத்தையும் ஐந்து மணித்தியாலம் எழுதவைத்தால் பிள்ளை அன்றைக்கே கொப்பியை மூடிவிடும்.

செப்டெம்பர் 4

எஸ் (சாதாரண சித்தி) எடுக்க நூற்றுக்கு 35 வேண்டும். இரண்டு பத்திரமும் சேர்ந்து 200 என்பதால், தேவை 70. முதலாம் பத்திரத்தின் 25 குறுவினாக்களில் 16 சரியானால் 32. அதே பத்திரத்தின் பகுதி ஆ-வில் ஐந்து வினாக்கள். வினாவுக்கு 4 கிடைத்தாலே 20. மிச்சம் 18-ஐ இரண்டாம் பத்திரத்தில் தேடினால் போதும். இந்தக் கணக்கைப் பிள்ளையின் கையாலேயே எழுதவையுங்கள். சி. ஆர். ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை இலக்கு, அதற்கான வழி, போகும் முனைப்பு என்று பிரித்தார். நம் வீடுகளில் இலக்கைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறோம்.

செப்டெம்பர் 11

அந்த 18 எங்கே? இருபடிச் சார்பின் வரைபிலும் கேத்திரகணித அமைப்பிலும் தொடங்கலாம். அட்டவணையில் விடுபட்ட பெறுமானம், அளவிடை, புள்ளிகளைக் குறித்தல் என ஒவ்வொரு படிக்கும் தனிப்புள்ளி உண்டு. கவராயத்தின் பென்சில் முனை மழுங்கியிருந்தால் வில்கள் வெட்டுமிடம் விலகும், அளவு பிழைக்கும். பிள்ளை இதைத் தன் மூளைக்குறை என்று எண்ணிக்கொள்ளும். பென்சிலைத்தான் தீட்டவேண்டும்.

செப்டெம்பர் 19

பாராட்டும்போது "கெட்டிக்காரி" என்று நிறுத்தாதீர்கள். "போன கிழமை சமன்பாட்டில் குறி மாற்றாமல் விட்டாய், இன்றைக்கு மூன்றிலும் மாற்றியிருக்கிறாய்" என்று சொல்லுங்கள். உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்ட சிறுவர்களே தோல்விக்குப் பின் விடாமுயற்சி குறைந்தவர்களாக இருந்தார்கள். முயற்சி புகழப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள்.

ஒன்றுவிட்ட அண்ணா ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த கதை இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

ஒக்டோபர் 6

நேரம் வைத்து எழுதத் தொடங்கியதும் புள்ளி இறங்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் ஏறிய அத்தனையும் வீண் என்று பிள்ளை நினைக்கும். போன புள்ளிகளைத் தெரியாதது, கவனப்பிழை, நேரம் போதாதது என்று கொப்பியில் மூன்றாகப் பிரியுங்கள். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மீட்டல் வகுப்பில் சேர்ப்பதானால், முதல் வகை குறைந்த பிறகு சேருங்கள். அடிப்படை தெரியாத பிள்ளை அங்கே விடையைப் பார்த்தெழுதுவதோடு நின்றுவிடும்.