எல்லாக் கம்பியும் நுழைகிற ஓட்டை

சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, ஒன்பது மணி இருக்கும். ஏற்காட்டிலிருந்து போன். நெட்வொர்க் வேலைக்காக எங்கள் பராமரிப்பில் இருந்த ஒரு தங்கும் விடுதியின் ஸ்டோர் அண்ணன் பேசினார்.

"தம்பி, சாயங்காலம் பெரிய இடிங்க. அப்பப் போன நெட்டு இன்னும் வரலை. ரூமெல்லாம் ஆள் இருக்காங்க. கார்டு மிஷினும் ஓடலைங்க."

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டில் இருந்தேன். மற்ற நாளாக இருந்தால் உடனே வண்டியை எடுத்திருப்பேன். அன்று மலைப்பாதையில் மரம் விழுந்து, அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் விழுந்தது என்றுகூட அப்போது யாருக்கும் தெரியவில்லை. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், அந்த மழையில், அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான்.

ஆக, போனில்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். நெட்வொர்க் பெட்டிகளை மாட்டி வைக்கிற ரேக் இருப்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. தாழ்வாரத்துக்கு வந்தால் பேச்சு மட்டும் கேட்கும், டேட்டா எடுக்காது. போட்டோவும் இல்லை, வீடியோ காலும் இல்லை. நான் ஒன்றைச் சொன்னால் அண்ணன் அதை மனதில் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்து போய், பார்த்துவிட்டு, திரும்ப வந்து சொல்ல வேண்டும். அவருக்கு இந்தப் பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. காப்பிக் கொட்டை மூட்டை, போர்வைக் கணக்கு, கேஸ் சிலிண்டர் இவைதான் அவர் உலகம்.

பேச ஆரம்பித்து இரண்டாவது நிமிஷத்தில் அவர் சொன்னார்: "மேனேஜர் தம்பி வந்து எல்லா ஒயரையும் ஒருதடவை கழட்டி மாட்டிப் பாத்தாருங்க. அப்பயும் வரலை."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கம்பிகளில் எதிலும் நான் பேர் ஒட்டி வைக்கவில்லை.

ரேக்கில் மாட்டுகிற ஃபயர்வால் பெட்டியை, அதாவது எது உள்ளே வரலாம், எது கூடாது என்ற விதிகளோடு இணையத்துக்கும் விடுதிக்கும் நடுவே காவல் நிற்கிற பெட்டியை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 19 அங்குல அகலமுள்ள ரேக்கில் ஒரு 'யு' உயரத்துக்கு, அதாவது ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு, படுக்கவைத்த ஒரு தகரப் பெட்டி. அந்த விடுதியில் இருந்ததன் முகத்தில் இடது ஓரத்தில் மூன்று நான்கு சின்ன விளக்குகள், ஒரு குண்டூசி மட்டும் நுழையும் துளை, இரண்டு யூஎஸ்பி வாய். அப்புறம் தனியாக ஒரு ஓட்டை, கன்சோல். அதை ஒட்டி இன்னொன்று, நிர்வாகத்துக்கான மேனேஜ்மென்ட் போர்ட். அடுத்து இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு போர்ட்டுகள். வலது கோடியில் உலோகக் கூடு மாதிரி இரண்டு எஸ்எஃப்பி வாய்கள், பெரும்பாலும் ஃபைபருக்கானவை. பின்பக்கம் கரண்டு வயரும் காற்றாடியும்.

இதில் கரண்டு வயரை வேறு எங்கேயும் செருக முடியாது. யூஎஸ்பி வாயில் யூஎஸ்பிதான் போகும். எஸ்எஃப்பி கூட்டுக்குள் அதற்கான மாட்யூல் மட்டும்தான் உட்காரும். அவற்றின் வடிவமே தப்பைத் தடுத்துவிடுகிறது. ஆனால் ஆர்ஜே 45 என்று நாங்கள் சொல்கிற அந்த எட்டு முள் ஓட்டை யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடும். இணையம் வருகிற கம்பி, உள்ளே இணைப்பைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்விட்ச் பெட்டிக்குப் போகிற கம்பி, மேனேஜ்மென்ட் கம்பி, கன்சோல் கம்பி எல்லாவற்றுக்கும் ஒரே கொண்டை, ஒரே 'டிக்' சத்தம். சரியாக மாட்டினாலும் அந்தச் சத்தம்தான், தப்பாக மாட்டினாலும் அந்தச் சத்தம்தான். மேனேஜரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழற்றியபடியே திரும்ப மாட்டியதாகத்தான் அவர் நம்பியிருப்பார்.

அதிலும் கன்சோல் ஓட்டை இருக்கிறதே, அது நெட்வொர்க் போர்ட்டே கிடையாது. உள்ளே ஓடுவது பழைய சீரியல் தொடர்பு. தட்டையான வெளிர் நீலக் கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, வேகத்தை 9600 என்று வைத்தால் கறுப்புத் திரையில் எழுத்து வரும். ஐபி முகவரி மறந்துபோனாலும், விதிகள் குழம்பி எல்லாக் கதவும் அடைத்துக்கொண்டாலும், பெட்டிக்கு உயிர் இருக்கிறவரை அந்த வழி திறந்திருக்கும். எனக்கு அந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் அதில் இணையக் கம்பியைச் செருகினால் விளக்கு எரியாது, பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. பேசாமல் இருக்கும்.

சரி, அன்றைக்கு வருகிறேன். முதலில் நான் பழக்கதோஷத்தில் தப்பாகத்தான் கேட்டேன். "அண்ணா, வான் ஒன் போர்ட்ல லிங்க் லைட் இருக்கான்னு பாருங்க." அவர் போனார், வந்தார். "என்ன சொன்னீங்கன்னு அங்க போனதும் மறந்துருச்சுங்க தம்பி."

அப்போதுதான் உறைத்தது. நான் சொல்கிற வாக்கியம் தாழ்வாரத்திலிருந்து ரேக் வரைக்கும் அவர் மனதில் தங்க வேண்டும். என் தொழில் சொற்களில் ஒன்றுகூட அந்த நாற்பது அடியைத் தாண்டாது.

"அண்ணா, கம்பி மாட்டியிருக்கு, ஆனா பக்கத்துல பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அப்படி எத்தனை ஓட்டை இருக்குன்னு மட்டும் எண்ணிட்டு வாங்க."

இந்தத் தடவை அவர் நேராகப் போய், நேராக வந்தார். "ரெண்டுங்க. ஒண்ணு கூட்டத்துல இருக்கு, கீழ் வரிசையில. இன்னொண்ணு இடது பக்கமா ஒதுங்கி நிக்குது."

ஒதுங்கி நிற்கிறது! அந்த இரண்டு சொல்லில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஒதுங்கி நிற்பவை இரண்டுதான், கன்சோலும் மேனேஜ்மென்ட்டும். மேலே என்ன எழுத்து என்று கேட்டேன். மறுபடி நடை. "சி-ல ஆரம்பிக்குதுங்க." அந்தக் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே மறுமுனை வரை போய்ப் பார்க்கச் சொன்னேன். சுவரில் மாட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டிக்குப் போகிறது என்றார். அது இணைய நிறுவனத்தின் ஃபைபர் பெட்டி. வெளியுலகிலிருந்து வருகிற கம்பி கன்சோலில் போய் உட்கார்ந்திருந்தது.

அதை எடுத்து, நான் முதலில் 'வான் ஒன்' என்று கேட்ட ஒன்றாம் எண் போர்ட்டில் மாட்ட வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. இரண்டு வரிசைப் பெட்டிகளில் பெரும்பாலும் மேலே 1, 3, 5 என்றும் கீழே 2, 4, 6 என்றும் எண் போட்டிருப்பார்கள். 'இரண்டாவது ஓட்டை' என்று சொன்னால் கேட்கிறவர் பக்கத்தில் இருப்பதைத்தான் நினைப்பார், கீழே இருப்பதை இல்லை. அதனால் எண்ணையே விட்டுவிட்டேன். "மேல் வரிசை, இடது கோடி. அங்க இப்ப வேற கம்பி இருந்தா உருவிடாதீங்க, வந்து சொல்லுங்க." காலியாகத்தான் இருந்தது. மாட்டினார். "பச்சையா ஒண்ணு நின்னு எரியுதுங்க. பக்கத்துல ஒண்ணு துடிக்குது."

நின்று எரிவது இணைப்பு, துடிப்பது தகவல் ஓடுவது. இந்த விளக்குகளின் நிறமும் பொருளும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்று நின்று, ஒன்று துடித்தால் அந்த வழியில் போக்குவரத்து இருக்கிறது என்று தைரியமாக நம்பலாம். அந்தத் 'துடிக்குது' என்ற சொல்லை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்கிறேன்.

பதினொன்றே காலுக்கு வரவேற்பறையில் கார்டு மிஷின் ஓடியது. அண்ணன் அதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை நடந்திருப்பார். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

கீழ் வரிசையில் இருட்டாக இருந்த இன்னொரு ஓட்டையை அடுத்த நாள் நேரில் பார்த்தேன். அது உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. தோட்டத்துக்குள் இருக்கும் காட்டேஜ்களுக்குத் திறந்தவெளியில் ஐம்பது அறுபது மீட்டர் செம்புக் கம்பி இழுத்திருந்தோம். கேபிளின் எல்லை 100 மீட்டர் என்பதால் தூரம் ஒரு பிரச்சினை இல்லை. இடிதான் பிரச்சினை. பக்கத்தில் எங்கோ இறங்கிய மின்னல் அந்தச் செம்பில் ஏற்றிவிட்ட மின்அழுத்தம் போர்ட்டைக் கருக்கிவிட்டது. மலை மேல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு இழுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. வலது கோடியில் இரண்டு எஸ்எஃப்பி வாய்கள் தூசி அடைப்பானோடு அத்தனை நாளும் சும்மா கிடந்தன. அதில் ஒன்றில் மாட்யூலைப் போட்டு, மஞ்சள் நிற சிங்கிள் மோட் ஃபைபரை இழுத்தோம். வாடிக்கையாளர் முதலில் செலவு என்று தயங்கினார். கருகிய போர்ட்டைக் காட்டியதும் சம்மதித்துவிட்டார். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம் என்று மட்டும் அங்கிருந்த எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

அந்தக் குண்டூசித் துளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சேலம் டவுனில் ஒரு ஜவுளி மொத்தக் கடை. பெட்டி மெதுவாக இருக்கிறது, ஒருதடவை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். முன்பக்கம் ஸ்விட்ச் எதுவும் இல்லை. துளைக்குள் ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்தேன். அது அணைத்துப் போடுகிற பொத்தான் இல்லை, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகிற பொத்தான். சில மாடல்களில் கரண்டு கொடுத்த கொஞ்ச நேரத்துக்குள் அழுத்தினால்தான் அது வேலை செய்யும். இதில் அந்தக் காவல் இல்லை. மூன்று வருஷமாக யார் யாரோ எழுதிச் சேர்த்த விதிகள் எல்லாம் ஒரு நொடியில் போயின. பேக்கப் எடுத்து வைத்திருக்கவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்குப்பிள்ளையாகக் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதினேன். அந்தக் கடைக்காரர் விடியற்காலையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு அப்புறம் பேக்கப் எடுக்காமல் எந்தப் பெட்டியையும் நான் தொடுவதில்லை. துளையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுவேன்.

விடுதிக்கு வருகிறேன். ஞாயிறு மத்தியானம் பாதை திறந்ததும் நான் எடுத்துப் போனவை அதிகமில்லை. எலக்ட்ரிக் கடையில் வாங்கிய கலர் இன்சுலேஷன் டேப், மார்க்கர், ஒரு கட்டு டேக், காலி ஓட்டைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி. மூடி அழகுக்கு இல்லை. மலை மேல் பனி ஈரத்தில் முட்களில் பச்சைப் பூத்துவிடும், எறும்பு குடியேறும். கீழே ஜவ்வரிசி ஆலைகளில் மாவுத் தூசி இதே வேலையைச் செய்யும். முக்கியமாக, மூடியிருக்கிற ஓட்டையில் யாரும் அவசரத்தில் எதையும் செருக மாட்டார்கள். கன்சோலுக்கு முதல் மூடி.

வெளியிலிருந்து வருகிற கம்பிக்குச் சிவப்பு. உள்ளே ஸ்விட்சுக்குப் போவதற்கு நீலம். அதற்கப்புறம் சேர்த்த, மொட்டைமாடி ரேடியோவிலிருந்து வருகிற இரண்டாவது இணைப்புக்கு மஞ்சள். இந்த மஞ்சளில் தனிக் கவனம் வேண்டும். ரேடியோவுக்குக் கரண்டு கொடுக்கிற சின்ன அடாப்டரில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் கலந்து போகும், ஒன்றில் வெறும் தகவல். மாற்றி மாட்டினால் ஃபயர்வால் போர்ட்டே போய்விடக்கூடும். ஒவ்வொரு நிறத்தையும் கம்பியின் இரண்டு முனையிலும், அதைச் செருகும் ஓட்டைக்கு மேலேயும் ஒட்டினேன். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பாதி உதவிதான்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் பெட்டியின் முகத்தை அப்படியே வரைந்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். எழுதியது நான், சொன்னது ஸ்டோர் அண்ணன். 'கன்சோல்' என்று நான் எழுதப் போனபோது, "ஒதுங்கி நிக்கிற ஓட்டை, தொடாதேன்னு போடுங்க தம்பி" என்றார். அப்படியே போட்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு நாள், காலை ஆறரைக்கு அதே நம்பரிலிருந்து போன். நான் எழுந்து உட்காருவதற்குள் அண்ணன் சொல்லி முடித்துவிட்டார். "தம்பி, சிவப்பு ஒட்டுன கம்பி, மேல் வரிசை இடது கோடி, நின்னு எரியுதுங்க, ஆனா துடிக்கலை. மறுமுனையில வெள்ளைப் பொட்டியில ஒண்ணு செவப்பா எரியுது. வெளிய எங்கயோ லைன் அறுந்துருக்கும் போல. நெட்டுக் கம்பெனிக்கு நானே போன் போட்டுட்டேன். மஞ்சள் ஓடுது, அதுனால ரிசப்ஷன்ல ஒண்ணும் நிக்கலை. நீங்க மெதுவா வாங்க."