தக்காளிக் கழிவில் கோழித் தீவனம்: ஈப்புழு வளர்த்த அனுபவம்

நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வருகிற காசில் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடும். சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் விலை ஏறினால் கையில் ஒன்றும் நிற்காது. இன்னொரு பக்கம் எங்கள் ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை சரிந்த நாளில் தக்காளி கூடை கூடையாகக் கீழே கொட்டப்படும், முட்டைக்கோஸ் மேல் இலைகள் குவிந்து கிடக்கும், அத்தனையும் குப்பைமேட்டில் அழுகி நாறும். இந்த இரண்டு பிரச்சினைக்கும் ஒரே வழியாக எனக்குக் கிடைத்தது பி.எஸ்.எஃப், அதாவது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈ. இதன் புழு கழிவைத் தின்று வளரும், அந்தப் புழுவைக் கோழி தின்னும். இதைச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக, நான் பார்த்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஈயைப் பற்றி. ஈ என்றதும் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள், ஆனால் இது வீட்டு ஈ கிடையாது. உடம்பு நீளமாக, கருப்பாக, பார்த்தால் குளவி என்றே நினைப்போம், கால் நுனி மட்டும் வெள்ளை, வயிற்றின் மேல்பக்கம் கண்ணாடி போட்டது போல இரண்டு சின்ன இடங்களில் வெளிச்சம் ஊடுருவும். கடிக்காது, கொட்டாது, நம் சோற்றில் வந்து உட்காராது. சாப்பிடுவது எல்லாம் புழுப் பருவத்தில்தான். ஈயான பிறகு ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்து, ஜோடி சேர்ந்து, பெண் ஈ ஐந்நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுச் செத்துவிடும். இந்தப் புழு நிறைந்த இடத்தில் வீட்டு ஈ முட்டையிடுவதும் குறைந்துவிடுகிறது. எங்கள் தொழுவத்துப் பக்கம் அதைக் கண்ணாலேயே பார்த்தோம்.

புழுவைக் கூரியரில் வாங்கலாம், நான் வாங்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கு இது தானாகவே சுற்றுகிற ஈ. ஒரு பக்கெட்டில் புளித்த தவிடும் அழுகிய பழமும் போட்டு, அதன் மேலே வரி வரியாக ஓட்டை இருக்கும் அட்டைப்பெட்டித் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். இந்த ஈ கழிவின் மேல் முட்டையிடாது, பக்கத்தில் இருக்கிற காய்ந்த இடுக்கில்தான் இடும், நாலு நாளில் பொரிந்து கீழே விழும் குஞ்சுப்புழு சாப்பாட்டுக்குள் போய்விடும். வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னக் கொத்தாக அட்டை ஓட்டைக்குள் முட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

குஞ்சுப்புழுவை நேராகக் கழிவில் விடக் கூடாது. முதல் ஐந்து நாள் ஈரமாக்கிய கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுத்துத் தேற்ற வேண்டும். அப்புறம் எத்தனை புழுவுக்கு எவ்வளவு கழிவு என்று ஒரு கணக்கு இருக்கிறது, சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனம் இந்தோனேசியாவில் செய்து பார்த்து வெளியிட்டது: 60-க்கு 40 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றுக்கு 10,000 புழு, 12 நாளில் 15 கிலோ கழிவு, அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று தவணையாக. பத்தாயிரத்தை எப்படி எண்ணுவது? இரண்டு கிராம் மட்டும் எடுத்து எண்ணி, அந்த விகிதத்தில் மொத்த எடைக்கும் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கணக்கு எங்கள் ஊருக்கும் சரியாகவே வருகிறது.

உண்மையான சிக்கல் தண்ணீர். தக்காளியிலும் கோஸிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அரைத்துக் கொட்டினால் பெட்டிக்குள் குளம் கட்டும், காற்று போகாமல் புளித்து நாறும், புழு மூச்சு முட்டிச் சுவர் ஏறி வெளியே வந்துவிடும். அதனால் நறுக்கிய கழிவைச் சாக்கில் கட்டி, மேலே கல் ஏற்றி, ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் தவிடும் கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவும் கலக்கிறேன். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. உயரம் நாலைந்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு மாதிரி நார் உள்ளதைப் புழு அப்படியே விட்டுவிடும், அதையெல்லாம் பிரித்துவிடுங்கள். எல்லாம் சரியாக அமைந்த பெட்டியில் காதை வைத்தால் சாரல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், உள்ளே கையை விட்டால் சுடும். அந்தச் சூடு புழுக்களே கிளப்புவது, வெயில் காலத்தில் அது அளவு மீறினாலும் புழு தப்பி ஓடும், ஆகவே நிழலும் காற்றோட்டமும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

அடுத்த எதிரி எறும்பு. ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், ஒரு கால் விடுபட்டாலும் முட்டை மிஞ்சாது. அதைவிட மோசம் பூச்சிமருந்து. ஒருமுறை காலிஃபிளவர் இலை லோடு ஒன்று வந்தது, போட்ட மறுநாள் அந்த வரிசைப் பெட்டிகளில் ஒரு புழு அசையவில்லை. மருந்து அடித்த சூட்டோடு அறுத்திருக்கிறார்கள். மண்டிக்கார அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, எந்தக் காட்டுச் சரக்குன்னு நான் எங்க பாக்குறது, நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்றார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இப்போது எந்த லோடு வந்தாலும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் புழுவை விட்டு ஒரு நாள் பார்த்த பிறகே மற்றதற்குப் போடுகிறேன்.

புழு வளர்ப்பதைவிட ஈயைத் தொடர்ந்து வைத்திருப்பதுதான் பெரிய வேலை, இதைப் பலர் சொல்வதில்லை. முற்றிய புழு கருத்து, சாப்பிடுவதை நிறுத்தி, காய்ந்த இடம் தேடி ஏறிப் போகும். பெட்டியில் சாய்வாக ஒரு பலகை வைத்தால் அதுவாகவே ஏறி வந்து வாளியில் விழும். அதில் ஒரு பங்கை விதைக்கு நெல் எடுத்து வைப்பது போலத் தனியாக எடுத்து, காய்ந்த நார்க்கழிவில் இருட்டில் வைத்து, ஈ வெளிவந்ததும் கொசுவலைக் கூண்டில் விட வேண்டும். கூண்டுக்குக் காலை வெயில் நேராக விழ வேண்டும், வெளிச்சம் இல்லையென்றால் இவை ஜோடியே சேராது. தண்ணீர் தெளித்தால் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய வாரங்களில் முட்டை ஏறக்குறைய நின்றே போகிறது, டியூப் லைட் போட்டும் பலனில்லை. அந்த மாதங்களுக்குச் சந்தைக் கழிவை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கோழிக்கு வருவோம். காய்ந்த எடையில் இந்தப் புழு சுமார் 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் கொழுப்பு, சுண்ணாம்புச் சத்தும் நிறைய. கொழுப்பு அதிகம் என்பதால் மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் போவதில்லை. வாளியைத் தூக்கினாலே கோழிகள் ஓடி வந்து காலைச் சுற்றிக்கொள்ளும். சோயாவை அடியோடு நிறுத்த முடியவில்லை, ஆனால் வாங்குகிற மூட்டை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், அந்தப் பூச்சிகளுக்கு ஹோட்டல் மிச்சம், சாணம் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது என்ற தடை தொடர்ந்தது. நானும் கோழிக்குப் போகிற புழுவுக்குச் சுத்தமான காய்கறிக் கழிவு மட்டும்தான் போடுகிறேன்.

புழுவைச் சலித்து எடுத்த பிறகு பெட்டியில் மிஞ்சுவது கருப்பாக, உதிரியாக இருக்கும். உடனே வேரடியில் போட்டால் சூட்டில் செடி வாடும், அது இன்னும் முழுசாக மக்கியிருக்காது. நிழலில் குவித்து ஈரம் காயாமல் சில வாரம் ஆறவிட்டு, அப்புறம்தான் முருங்கைக்குப் போடுகிறேன். இந்த வருஷம் பாதியை மண்புழுத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன், அதில் வருகிற உரத்தைத் தனியாக நாலு வரிசைக்கு மட்டும் போட்டு, காய்ப்பில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.