கடை மானியத்துக்கும் கடல் கடந்த காசுக்கும் கணக்குக் கேட்ட அனுபவம்

லண்டனில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 2020 மார்ச்சில் லொக்டவுன் வந்ததும் என்னிடம் வரும் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, எங்களுக்கும் காசு வருமோ?"

அரசு முதலில் அறிவித்த மானியத் திட்டங்களில் குழப்பம் குறைவு. மார்ச் 11ஆம் தேதி பிஸ்னஸ் ரேட்ஸ் (கடை இடத்துக்குக் கட்டும் வரி) பட்டியலில் கடை இருக்க வேண்டும். ரேட்டபிள் வேல்யூ, அதாவது அந்த வரிக்காக மதிப்பிட்ட ஆண்டு வாடகை, 15,000 பவுண்ஸ் வரை இருக்கும் சிறு கடைக்கு 10,000. அதற்கு மேல் 51,000க்குள் இருக்கும் சில்லறைக் கடைக்கோ உணவகத்துக்கோ 25,000. அந்த எல்லையைத் தாண்டினால் கையை விரித்துவிடுவார்கள். நியாயமோ இல்லையோ, விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சந்தையில் மேசை போட்டு விற்பவர்களுக்கும், பெரிய கட்டடத்துக்குள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் தனி ரேட்ஸ் பில் கிடையாது. அவர்களுக்காக மே மாதம் ஒரு விருப்புரிமை மானியம் வந்தது. நவம்பரில், அந்தந்தப் பகுதியில் வசிக்கும் ஆளுக்கு 20 பவுண்ஸ் என்ற கணக்கில், உள்ளூராட்சிக் கவுன்சில்களுக்கு இன்னொரு தொகை கொடுத்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் கவுன்சிலே தீர்மானிக்கலாம். என் வாடிக்கையாளர் ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கிடைக்கவில்லை, அதே கட்டடத்தில் பக்கத்து அறைக்காரருக்குக் கிடைத்தது. 'தகுதி நிபந்தனைகளுக்குள் நீங்கள் வரவில்லை' என்று மறுப்புக் கடிதத்தில் ஒரு வரி. எந்த நிபந்தனை என்று அதில் இல்லை.

கொஞ்சக் காலம் கழித்து தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை வந்தது. கவுன்சில்கள் வழியாகப் போன கொவிட் மானியம் 22.6 பில்லியன் பவுண்ஸ். அதில் சுமார் 1.1 பில்லியன் தவறாகவோ மோசடியாகவோ போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. அதைப் படித்த பிறகுதான் நான் எங்கள் கவுன்சிலுக்கு எழுதினேன்.

தகவல் சுதந்திரச் சட்டம் 2000இன் கீழ் கேட்பதற்குக் கட்டணம் இல்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உண்மைப் பெயரும் பதில் அனுப்ப ஒரு முகவரியும் போதும். மின்னஞ்சல் முகவரியே காணும். பதில் 20 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒருவர் 'மானியம் சம்பந்தமான எல்லா மின்னஞ்சல்களும் வேண்டும்' என்று எழுதினார். தேடி எடுக்கப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்றால், அதாவது மணிக்கு 25 பவுண்ஸ் வீதம் 450ஐத் தாண்டினால், கவுன்சில் மறுக்கலாம். மறுத்தது. 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்பதிலும் பலன் குறைவு. இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. புதிதாக விளக்கம் எழுதச் சொல்லவில்லை.

ஆகவே நான் மூன்றே விஷயம் கேட்டேன். அந்த விருப்புரிமைத் திட்டத்தின் கொள்கை ஆவணம், அதன் எல்லாப் பதிப்புகளும். பணம் பெற்ற லிமிட்டட் கம்பெனிகளின் பெயரும் தொகையும். தவறாகக் கொடுத்துவிட்டோம் என்று திருப்பிக் கேட்ட தொகையும், வந்து சேர்ந்த தொகையும்.

கொள்கை ஆவணம் உடனே வந்தது. பெயர்களைத் தர மறுத்தார்கள்: ஒன்று, மோசடிக்காரருக்கு உதவும்; இரண்டு, தனிப்பட்ட விவரம். இங்கே பலர் விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. உள் மறுபரிசீலனை, அதாவது கவுன்சிலே தன் முடிவை மறுபடி பார்ப்பது, கேட்டு எழுதினேன். லிமிட்டட் கம்பெனியின் பெயர் தனிப்பட்ட விவரம் ஆகாது. தனி ஆளாகத் தொழில் செய்பவரின் பெயர்தான் ஆகும், அதை நான் கேட்கவே இல்லை. மோசடிக் காரணத்தைச் சொன்னால், பொதுநலனையும் எடைபோட்டுப் பார்த்தோம் என்று அவர்கள் காட்ட வேண்டும். திட்டமே மூடப்பட்ட பிறகு யார் எந்தப் பெயரில் ஏமாற்றப் போகிறார்கள்? இவ்வளவுதான் எழுதினேன், கோபமாக ஒரு சொல்லும் இல்லை. பட்டியல் வந்தது.

அதைக் கம்பெனிப் பதிவகத்தின் இலவசத் தேடலோடு ஒப்பிட்டு ஒரு வாரக்கடைசியைச் செலவழித்தேன். (என் மனைவிக்கு இதில் ஒரு கருத்து உண்டு, அதை இங்கே எழுத முடியாது.) பெரிய திருட்டு ஒன்றும் அகப்படவில்லை. கொள்கை ஆவணத்தின் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தையல்காரரின் கதை விளங்கியது. இடையில் வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பக்கத்து அறைக்காரர் அதற்கு முன்னரே விண்ணப்பித்துவிட்டார். இதை அந்த மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

இதே பழக்கத்தில் இன்னொரு காசையும் தேடினேன். வெளிநாடுகளில் ஜனநாயகத்தை வளர்க்க என்று பிரிட்டன் செலவிடும் பணம். 1992இல் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் ஜனநாயக அறக்கட்டளை வெளிவிவகார அமைச்சின் நிதியில் இயங்குகிறது. இலங்கையிலும் வேலை செய்திருக்கிறது. எங்கள் வரியில் இருந்து எங்கள் ஊருக்குப் போகும் காசு என்றால் கேட்காமல் இருக்க முடியுமா?

இதற்கு எம்.பி.யிடம் போனேன். தொகுதி ஆட்களைச் சந்திக்கும் நாளில் அவருடைய உதவியாளர் ஒரு நல்ல விஷயம் சொன்னார்: நாடாளுமன்ற எழுத்துக் கேள்வி, அதாவது எம்.பி. அமைச்சரிடம் எழுத்தில் கேட்பது, உண்மைத் தகவலைக் கேட்க வேண்டும், அமைச்சரின் பொறுப்புக்குள் இருக்க வேண்டும், ஏற்கெனவே பதில் வெளியான கேள்வியாக இருக்கக் கூடாது. ஆகவே முதலில் வெளியானதைப் படித்துவிட்டு வாருங்கள் என்றார். படித்தால், கவுன்சிலிடம் மல்லுக்கட்டியது போல் எதுவும் தேவைப்படவில்லை. உதவித் திட்டங்களின் செலவு பிரிட்டிஷ் அரசின் டெவ்டிராக்கர் இணையதளத்தில் கிடக்கிறது. பல திட்டங்களுக்கு ஆண்டு மதிப்பாய்வு உண்டு, ஏ, பி, சி என்று புள்ளியும் உண்டு. சில இடங்களில் உள்ளூர்ப் பங்காளி அமைப்பின் பெயரை மறைக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டுக் காசு வாங்கியவர் என்று பெயர் எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

குறை வேறு இடத்தில். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பட்டறை என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது மங்கலாக இருக்கிறது. கடை மானியத்தில் பணம் போன இடத்தையே மல்லுக்கட்டித்தான் அறிய வேண்டியிருந்தது. இதில் போன இடம் தெரிகிறது, போய் என்ன ஆனது என்பது தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தியின் மகன் மறுமுனையில் உதவினான். இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் குடிமக்கள்தான் பயன்படுத்தலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருக்கும் எனக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் வெளிநாட்டு அரசு கணிசமாக நிதி கொடுக்கும் அரசுசாரா நிறுவனங்களும், மக்களுக்கு வழங்கும் சேவையைப் பொறுத்தவரை, அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. இது அங்கேயே பலருக்குத் தெரியாது. அவன் கேட்ட நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. சட்டப் பிரிவைக் காட்டியபின் நிகழ்ச்சி அறிக்கைகளைக் கொடுத்தார்கள். அதிலும் வந்தவர்களின் எண்ணிக்கைதான்.

ஆகவே எம்.பி.க்கு நான் எழுதிக் கொடுத்த கேள்வி இப்படி: இலங்கையில் நடந்த பயிற்சிகளின் விளைவை, முடிந்து ஓராண்டுக்குப் பிறகு அளக்க அமைச்சு என்ன ஆய்வு செய்தது, அதை எங்கே வெளியிட்டது? அவருடைய அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தையல்காரர் இப்போது தன் பழைய விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அது தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேறு விதமாகக் கேட்பது, அதற்கு ஒரு மாதம் தவணை.